முன்னறைக் குழாய்

நோபல் பார்க், மெல்பேர்ன்
ஆனி மாதம், வெள்ளிக்கிழமை

இஞ்சாருங்கோ,

அடுத்த மாதம் உங்களுடைய ஆண்டுத் திவசம். சங்கத்து மலருக்கு உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். உங்களைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன், படிக்கிறவர்கள் படிக்கட்டும். பத்து வருஷம் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். பெயரைச் சொல்ல இப்போதும் வாய் வரமாட்டேன் என்கிறது.

முதலில் வீட்டுச் செய்தி. வீட்டைச் சூடாக்குகிற ஹீற்றரை மாற்றியாயிற்று. நாங்கள் வீடு வாங்கும்போதே கிழடாயிருந்த அந்த எண்ணெய் ஹீற்றர் சித்திரையோடு நின்றே போனது. இப்போது எண்ணெய் விற்கிற விலைக்குத் தாங்கியை நிரப்பவும் என்னால் ஏலாது. அயலெல்லாம் கலர் ரீவி வாங்கியபோது, எங்களுக்கு ஹீற்றர்தான் முதல் என்று நீங்கள் காசு ஒதுக்கி வைத்தீர்களே, அது உங்கள் செத்தவீட்டுச் செலவோடு போயிற்று. ஒரு சின்னக் கரண்ட் ஹீற்றரை வாங்கி ஒரு அறைக்குள் இருங்கோ என்று உங்கள் சிநேகிதர்கள் புத்தி சொன்னார்கள். குளிர் பட்டால் மூச்சு இழுக்கிற பிள்ளையை ஒரு அறைக்குள் எத்தனை நாளைக்கு அடைத்து வைப்பது? வாணிக்கு ஏழு வயதாகிறது, ஒரு இடத்தில் இருக்கிறவளா அவள்?

தெருவில் காஸ் லைன் வந்துவிட்டது. உங்களோடு வேலியால் தக்காளி கொடுத்து வாங்கின பின்வீட்டு இத்தாலிக்காரர் டினோ, ஹீற்றர் பூட்டித் திருத்துகிறவர்தானே, அவரிடம் போய் என் நிலைமையைச் சொன்னேன். டண்டினோங்கில் இடிக்கிற வீடொன்றிலிருந்து நல்ல காஸ் ஹீற்றர் ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்தார். வீட்டுக்குக் கீழால் ஒவ்வொரு அறைக்கும் சூட்டுக் காற்றைக் கொண்டுபோகிற தகரக் குழாய்களைப் புதிதாகப் போடாமல், இருப்பதையே கழற்றித் துடைத்துப் பூட்டினால் செலவு பாதியாகும் என்றார். கூலிக்கு ஆள் வேண்டாம், டோர்ச் நான் பிடிக்கிறேன் என்றேன். உங்கள் காற்சட்டையைப் போட்டு, இடுப்பைக் கயிற்றால் கட்டிக்கொண்டு, வீட்டின் பலகைத் தரைக்கு அடியில் தவழ்ந்து போனேன். சிரிக்கிறீர்களா? சிரியுங்கோ. என்னைப் பார்த்துச் சிரிப்பதுதானே உங்களுக்கு வேலை.

தெரியாதவர்களுக்காக அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டுக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமை, யாழ்ப்பாணத்தில் கழுவுகிற மாதிரி முன்னறையை மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். சுவரோரம் தரையில் கம்பி போட்ட ஒரு ஓட்டை இருந்தது. தண்ணீர் போகிற வழி என்று நினைத்து, இரண்டு வாளித் தண்ணீரையும் தும்புத்தடியால் அதற்குள் தள்ளிவிட்டேன். சூட்டுக் காற்று வருகிற வழி அது என்று எனக்கு யார் சொன்னது? நீங்கள் வேலையால் வந்து பார்த்துவிட்டு, கதிரையில் இருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்த சனத்துக்கெல்லாம் நான் ஹீற்றரைக் குளிப்பாட்டின ஆள்.

போன குளிருக்கு உங்களுக்கு இருமல் தொடங்கியது. வாணிக்குத் தொற்றக்கூடாது என்று முன்னறையில் தனியாகப் படுத்தீர்கள். ஒரு நாள் அந்த அறையைக் கூட்டப் போனேன், தரை ஐஸ் மாதிரிக் கிடந்தது. கம்பிக்கு மேல் கையை வைத்தால் காற்றே இல்லை. எங்கள் அறைக்கு மட்டும் சூடு வருகிறதே, இங்கே ஏன் வரவில்லை என்று கேட்டேன். என்ன சொன்னீர்கள், ஞாபகம் இருக்கிறதா?

"அது நீர் குளிப்பாட்டின குழாயெல்லோ. துருப்பிடிச்சு உக்கிப் போயிருக்கும். விடும், எனக்குப் போர்வை போதும்."

உங்களுக்கு அது பகிடி, சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். மூன்று கிழமையில் நிமோனியா என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிறகு நானும் வாணியும் மட்டும் வீட்டுக்கு வந்தோம். உங்கள் நெஞ்சு முந்தியே பழுது என்று டொக்டர் சொன்னார். நான் நம்பவில்லை. நான் ஊற்றிய தண்ணீர்தான் உங்களைக் கொன்றது என்று இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. நான் சமையல் வேலைக்குப் போகிற இடத்துக் குசினியில் வாளிக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டாலே கை நின்றுவிடும். வெள்ளிக்கிழமையில் வீடு கழுவுவதையும் விட்டுவிட்டேன்.

அதனால்தான் டினோ முன்னறைக் குழாயில் கையை வைத்தபோது, அதைக் கடைசியாகக் கழற்றலாம் என்று கெஞ்சினேன். அந்தத் துருவைக் கண்ணால் பார்க்கப் பயம். கடைசியும் வந்தது. குழாயைத் தட்டினார், என் கையிலிருந்த டோர்ச்சை வாங்கி உள்ளே பார்த்தார். விளிம்பில் மட்டும் கொஞ்சம் துரு, மற்றப்படி நல்ல தகரம், இன்னும் இருபது வருஷம் கிடக்கும் என்றார். பிறகு கையை உள்ளே விட்டு எதையோ இழுத்தார்.

நீங்கள் வீட்டில் உடுக்கிற நீலக் கட்டம் போட்ட சாரம். நாலாக மடித்து, உருட்டி, நாடாவால் கட்டி, குழாயை இறுக அடைத்திருந்தது. கம்பியைக் கழற்றி, என் கண்ணுக்குத் தெரியாத ஆழத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறீர்கள். கொடியிலிருந்து காணாமல் போன சாரம் அது. காற்று அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று சொல்லி, என்னை நாலு வீட்டு வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்க வைத்தீர்களே, பாவி மனுசா.

யார் இதைச் செய்தது என்று டினோ கேட்டார்.

"என்ர மனுசன்," என்றேன், தமிழில்.

அவருக்கு என் முகத்தைப் பார்த்தே விளங்கியிருக்க வேண்டும். டோர்ச்சை என் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே ஊர்ந்து போய்விட்டார். நான் அந்த மண்ணில் படுத்தபடி வாய்விட்டு அழுதேன்.

அந்தக் கிழட்டு ஹீற்றர் தள்ளின கொஞ்சச் சூட்டையும் எங்கள் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறீர்கள். சொன்னால் நான் விடமாட்டேன் என்று தெரியும், சரி. அதற்காகப் பழியை என் தலையில் போட்டுவிட்டா போவது? ஆஸ்பத்திரியால் திரும்பி வரமாட்டீர்கள் என்று உங்களுக்கும் தெரியாதுதான். ஆனாலும் எனக்குக் கோபம். நான் கொல்லவில்லை என்று தெரிந்த பிறகு நிம்மதி வர வேண்டுமே, ஏன் வரவில்லை? இவ்வளவு நாளும் என்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். இனி யாரைத் திட்டுவது?

நேற்றுப் பின்னேரம் டினோ காஸைத் திறந்து ஹீற்றரைப் பற்ற வைத்தார். வாணி ஒவ்வொரு கம்பிக்கும் மேலே நின்று பார்த்துக்கொண்டு வீடு முழுக்க ஓடினாள். முன்னறைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தால், சட்டை காற்றில் பொம்மென்று விரிய அங்கேயே நிற்கிறாள்.

"அம்மா, அப்பான்ர ரூம்தான் ஆகச் சூடு."

டினோ தலையாட்டினார். ஹீற்றருக்கு ஆகக் கிட்ட இருக்கிற குழாய் அது, பழைய ஹீற்றரிலும் அந்த அறைதான் முதலில் சூடாகியிருக்கும் என்றார்.

அதை அடைத்தால்தான் எங்களுக்குச் சூடு கூடும் என்று உங்களுக்குத் தெரிந்துதான் இருந்தது, என்ன?

சாரத்தைத் தோய்த்து, காற்று கொண்டு போகாமல் நாலு கிளிப் போட்டுக் கொடியில் காயவிட்டிருக்கிறேன். இன்றைக்கு முன்னறையை மஞ்சள் தண்ணீரால் துடைத்தேன், கம்பிக்குள் ஒரு சொட்டும் விடவில்லை. இனி நானும் பிள்ளையும் அந்த அறையில்தான் படுப்போம். நான் இருக்கும்வரை அந்தக் குழாயை ஒருவரும் அடைக்க விடமாட்டேன், நீங்களே வந்து கேட்டாலும்.

ஹீற்றரைக் குளிப்பாட்டின
உங்கள் மனுசி