பாய்லர் இல்லாத படம்

பாசமுள்ள சின்னக்குட்டிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்பளவில் நன்றாகவே இருக்கிறோம், காய்ச்சல் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நீயும் பத்திரமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். உன் குரலைக் கேட்டால் நாலு வார்த்தையில் இளகிவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் நீ பயப்படக்கூடாதே என்றுதான் அம்மா நம் சலவைக்கடைப் படத்தை உனக்கு அனுப்பினாள். ஆஸ்பத்திரி விரிப்பையெல்லாம் பாய்லரில் கொதிக்க வைத்துத்தான் கொடியில் உலர்த்துகிறோம், எல்லோரும் கையுறை போட்டிருக்கிறோம் என்று காட்டத்தான் அது. செவ்வாய்க்கிழமை உங்கள் சேனலின் மதியச் செய்தியில் அதே படம் வந்தது. நம்ம கொடிங்க, நம்ம கொடி என்று அம்மா கைதட்டினாள். அப்புறம்தான் கீழே எழுத்து ஓடியது: ஆஸ்பத்திரித் துணியில் பரவுகிறதா நோய்? பாய்லரைக் காணோம், கையுறையைக் காணோம், மிச்சம் இருந்தது வெள்ளை விரிப்புகளும் நம் இஸ்திரி அக்காவின் முகமும்தான். கடைசியில் உன் பெயர் ஓடுவதைப் பார்க்கத்தான் தினமும் முழுச் செய்திக்கும் உட்கார்ந்திருப்போம். அன்றைக்கும் ஓடியது.

மறுநாளே இரண்டு விடுதிக்காரர்கள் துணியைத் திருப்பி எடுத்துப் போனார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அக்கா குடியிருந்த வீட்டு ஓனர் அவள் பெட்டியை மாடிப்படியில் கொண்டுவந்து வைத்துவிட்டார். டிவியிலயே சொல்லிட்டாங்களேம்மா, நான் என்ன பண்ணட்டும் என்றாராம். பதினெட்டு வருஷமாக நம்மோடு நிற்பவள், உன் பள்ளிச் சீருடையைத் தேய்த்துக் கொடுத்தவள். அன்றே போனில் கேட்டதற்கு நீ, கேள்வியாத்தானேப்பா போட்டோம் என்றாய். கேள்விக்குறியை யாரம்மா பார்க்கிறார்கள்? மூன்றாம் நாள் ஒரு டாக்டர் வந்து, கொதித்த துணியில் பரவாது என்று சொன்னதையும் பார்த்தேன். விளையாட்டுச் செய்திக்குப் பின்னால், நான் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிட்டது.

நானும் ஒன்றும் யோக்கியன் இல்லை. முடிதிருத்தும் கடைகளைப் பற்றி நீங்கள் பயமுறுத்தியபோது, தெருமுனைக் கடைக்காரரைக் கண்டதும் எதிர்ச்சாரிக்குப் போனவன்தான். இப்போது துண்டு மூட்டையோடு தவறாமல் வருகிறவர் அவர் ஒருவர்தான். என்ன சார், தலை காடா கெடக்கு, நாளைக்கு வாங்க என்றார். என்னால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

வேறு யாராவது செய்திருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன். அம்மா உனக்கென்று அனுப்பியதை நீயே எடுத்துக் கொடுத்தாய் பார், அதுதான் நெஞ்சை அறுக்கிறது. இப்போதெல்லாம் ஒரு படம் எடுத்தால், இதை அனுப்பலாமாங்க என்று என்னைக் கேட்கிறாள். பெற்ற பெண்ணுக்கு அனுப்ப.

வேளாவேளைக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. கோபம் இருக்கிறது, அதற்காக என் ஆசி குறையாது, நீ நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. இஸ்திரி அக்கா இப்போது உன் அறையில்தான் இருக்கிறாள். லீவுக்கு வரும்போது கதவைத் தட்டு. அவள் கூப்பிட்டால் உள்ளே போ.

இப்படிக்கு,
உன் அப்பா