உப்புக் கரிக்கும் மனை

என்னங்க,

இவ்வளவு நேரங்கெட்ட நேரத்தில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். பாப்பா தூங்கிவிட்டாள். நான்தான் அவள் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நாம் வாங்கப்போகும் மனையை இன்று பார்த்துவிட்டு வந்தோம். பாப்பா இறங்கி ஓடியதும் ஒரு செருப்பைச் சேறு விழுங்கிவிட்டது. தரகர் கையை விட்டுத் தேடினார். நண்டு விரலைப் பிடித்துக்கொண்டது. அவர் போட்ட ஆட்டத்துக்குப் பாப்பா கைதட்டினாள்.

"நேத்துப் பெஞ்ச மழைம்மா. ரெண்டு நாள்ல வத்திடும்," என்றார், விரலை உதறிக்கொண்டே.

அதற்குள் உங்கள் செல்ல மகள் சேற்றுக் கையை வாயில் வைத்துவிட்டாள்.

"ஐயே, உப்பும்மா!"

மழைத் தண்ணீர் எப்போதிலிருந்து உப்புக் கரிக்கிறது? நானும் ஒரு சொட்டு நக்கிப் பார்த்தேன், சிரிக்காதீர்கள். கடல் ஏறும்போதெல்லாம் உப்புத் தண்ணீர் அங்கே வந்து போகிறது.

நீங்கள் வரைந்த நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் அந்த இடத்துக்குப் பெயர் 'தரிசு'. கோடையில் அளந்தீர்கள், காய்ந்து கிடந்திருக்கும். அந்த ஒரு சொல் வரப்போகிறது என்று நம்பித்தான் மனை பிரிக்கிறார்கள். அதை மேடாக்கிவிட்டால் மழைக்காலத்தில் ஊர்த் தண்ணீர் எங்கே போய் நிற்கும்? நம் கட்டிலுக்கடியிலா?

அடுத்த வாரம் தலைமை அலுவலகத்தில் வரைபடத்தை ஒப்படைப்பதற்குள் 'தரிசு' என்பதை அடித்துவிட்டு, 'சதுப்பு நிலம்' என்று எழுதிவிடுங்கள். எழுதினால் நமக்கு அங்கே வீடு இல்லை, தெரியும். பாப்பா இந்த வாடகை வீட்டுச் சுவரிலேயே கிறுக்கட்டும். வீட்டுக்காரம்மாவை நான் சமாளித்துக்கொள்கிறேன்.

செருப்பு கிடைக்கவில்லை. "நண்டு அதுல குடியிருக்கும்மா," என்கிறாள் பாப்பா. யாருக்காவது அங்கே வீடு அமைந்ததே!

சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒற்றைச் செருப்புக்காரியின் அம்மா