கேள்வி வந்தால் நிற்க வேண்டும்

மார்ச் 4

அன்புள்ள பட்டன் மாஸ்டருக்கு,

இங்கு நலம். நீங்களும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். போனில் "ம்" என்பீர்கள், "சரி" என்பீர்கள், வைத்துவிடுவீர்கள். வெறும் "ம்" எழுதி யாரும் தபால்தலை ஒட்டி அனுப்ப மாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

விஷயம் குடோனைப் பற்றியது. நீங்கள் வேறு ஊருக்கு வேலைக்குப் போய் மூன்று வருஷம் ஆகியும் நம் உதிரிபாகக் குடோன் கம்ப்யூட்டரில் அதே கறுப்புத் திரை, அதே பச்சை எழுத்துதான். மாதக் கடைசியில் புதுப் புரோகிராம் வருகிறதாம். அதற்குள் பழைய மாடல் பாகங்களைக் கணக்கிலிருந்து நீக்கச் சொன்னார் மேனேஜர். நான் வழக்கம்போல, ஒரு தட்டில் எல்லாப் பொத்தானையும் தானே அடிக்கும்படி நீங்கள் மேக்ரோ எழுதி வைத்த F9-ஐத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால், அலமாரியில் குவிந்து கிடக்கிற பேரிங்கும் பெல்ட்டும் கணக்கில் இல்லை! கையிருப்பு உள்ள பாகம் வந்தால், "இருப்பு உள்ளது, இருந்தும் நீக்கவா?" என்று புரோகிராம் கேட்கிறது. உங்கள் மேக்ரோ படித்துப் பார்க்காமலே Y அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

"யாரும்மா இந்தக் கூத்தைப் பண்ணது?" என்று மேனேஜர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். உங்களைக் காட்டிக் கொடுக்காமல் நானே வாங்கிக் கட்டிக்கொண்டேன். இப்போது ஏணியில் ஏறி இறங்கி எல்லாவற்றையும் எண்ணித் திரும்ப ஏற்றுகிறேன். முழங்கால் கெஞ்சுகிறது.

எதைக் கேட்டாலும் சரி என்கிறது, உங்களைப் போலவே. அதை நிறுத்த வழி உண்டா?

இப்படிக்கு,
வாயாடி

மார்ச் 9

அன்புள்ள வாயாடிக்கு,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் உடனே பிரிக்க மனம் வரவில்லை. மதியம் வரை சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். முதலில் ஒன்று சொல்கிறேன், நீ ஏணியில் ஏறாதே. மேல்தட்டுக்கு வாட்ச்மேனைக் கூப்பிடு.

மேக்ரோ கோப்பைத் திறந்தால் நான் அன்று பதிவு செய்த பொத்தான்கள் வரிசையாக இருக்கும். டேப், டேப், என்டர், பிறகு Y, மறுபடி என்டர். அந்த Y இருக்கும் வரியை மட்டும் அழித்துவிட்டு WAIT என்று அடித்துச் சேமி. இனி அந்த இடத்தில் நிற்கும். நீ திரையைப் படித்து உன் கையால் Y அல்லது N அடித்தால்தான் மேலே நகரும்.

ஒவ்வொரு வரியாகச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேக்ரோ கற்றுக்கொள்வதற்கு முன்னால் என்டர் தானாக அழுந்திக் கிடக்கட்டும் என்று அதன் மேல் ஸ்டேப்ளரைத் தூக்கி வைத்துவிட்டு உன் மேஜைக்கு வந்து நிற்பேனே, நினைவிருக்கிறதா? இங்கே எல்லாம் மவுஸ்தான். பொத்தான் சத்தமே கிடையாது. ஆபீஸ் ஊமையாக இருக்கிறது.

அது சரி, "உங்களைப் போலவே" என்று போகிற போக்கில் ஒரு குத்து வைத்திருக்கிறாயே. நான் என்ன செய்தேன்?

அன்புடன்,
பட்டன் மாஸ்டர்

மார்ச் 14

அன்புள்ளவருக்கு,

நீங்கள் சொன்னபடி மாற்றினேன். கேள்வி வந்ததும் சமர்த்தாக நிற்கிறது. கர்சர் மட்டும் மின்னிக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறது.

என் மணிக்கட்டு வீங்கியிருந்தபோதுதான் எனக்காக முதன்முதலில் அந்த F9-ஐச் செய்தீர்கள். எழுத்துகள் தானாக ஓடியதைப் பார்த்துப் பயந்து நான் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தேன். "கைக்கு லீவு விட்டாச்சு, இனிமே வாய்க்குத்தான் வேலை" என்றீர்கள். அது ஓடி முடிகிற வரை ஜன்னலோரம் நின்று நான் பேசுவேன், நீங்கள் கேட்பீர்கள். ஒரு வார்த்தை விடாமல் கேட்பீர்கள். அப்படிக் கேட்ட மனிதரைத்தான் கல்யாணம் செய்துகொண்டேன்.

என்ன செய்தேன் என்று கேட்டீர்களே, சொல்கிறேன். உங்களுக்கு இந்த வெளியூர் வேலை கிடைத்த வாரம் ஒரு சாயங்காலம், சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டரை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே, "அப்ப நான் இங்கேயே இருந்துடட்டுமா?" என்று கேட்டேன். அடப் பைத்தியமே, உன்னை விட்டுவிட்டு எப்படிப் போவேன் என்று நீங்கள் சொல்வதற்காகத்தான் கேட்டேன். தலையைக்கூடத் தூக்காமல் "சரி" என்றீர்கள்.

நானும் இருந்துவிட்டேன்.

வாயாடி

மார்ச் 19

என் அன்புக்கு,

இதை நாலு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் உனக்கு இன்னும் கோபம் வரும். நீ அப்படிக் கேட்டதே என் காதில் விழவில்லை. கிளம்புகிற அன்று உன் பெட்டி இல்லாமல் என் பெட்டி மட்டும் வாசலில் இருந்ததைப் பார்த்தேன். குடோனையும் சிநேகிதிகளையும் விட்டு வர உனக்கு இஷ்டமில்லை என்று நினைத்துக்கொண்டேன். வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். கேட்டால் நீ மாட்டேன் என்பாயோ என்று பயம்.

இங்கே நான் எடுத்த வீட்டில் சமையலறைக்குப் பெரிய ஜன்னல். நீ நின்று பேசுவதற்கென்று பார்த்து எடுத்தது. வீட்டுக்காரர் வரும்போதெல்லாம், "அம்மா எப்ப வர்றாங்க?" என்கிறார். அதற்கும் நான் "ம்" என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன்.

இப்போது கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து கேட்கிறேன். நீ இங்கே வருகிறாயா? இல்லை, நான் அங்கே வந்துவிடட்டுமா?

உன்,
பட்டன் மாஸ்டர்

மார்ச் 25

அன்புள்ளவருக்கு,

நேற்றோடு பழைய புரோகிராமை நிறுத்திவிட்டார்கள். அணைப்பதற்கு முன் மேனேஜரிடம் கேட்டுக்கொண்டு கடைசியாக ஒரு முறை F9 தட்டினேன். சரசரவென்று ஓடி, கேள்வி வந்ததும் நின்றது. நான் எதையும் அடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு பொறுமையாகக் காத்திருக்கிறது! அழுகையே வந்துவிட்டது. "பழைய சாமானுக்குப் போயா அழறீங்க?" என்றார் மேனேஜர். சாமானுக்கில்லை என்று அவரிடம் எங்கே போய் விளக்குவது?

உங்கள் முதல் கேள்விக்கு, வர மாட்டேன். உங்களோடு கிளம்ப இறக்கி வைத்த என் பெட்டியை, நீங்கள் "சரி" என்ற அன்று நானே திரும்ப அலமாரியில் வைத்தேன். அதை மறுபடி இறக்க எனக்குத் தெம்பில்லை.

இரண்டாவது கேள்விக்கு, வாருங்கள். அலமாரியில் உங்கள் பக்கம் காலியாகத்தான் இருக்கிறது.

இதற்கும் சரி என்று பதில் எழுதிப் போடாதீர்கள். கிளம்பி வாருங்கள்.

உங்கள்,
வாயாடி