தோளில் ஒரு கை

நவம்பர் 3, திங்கள்
மழை. வீட்டைச் சூடாக்கும் பொயிலர் மறுபடியும் வேலைநிறுத்தம். ஆளைப் பிடிக்க வேண்டும்.

நிலூக்காவின் மின்னஞ்சல். நாங்கள் பிறந்த தெற்கு நகரத்தின் மாநகர சபைக்கு வரலாறு எழுதும் சிங்களப் பெண். அப்பா அங்கே சபைச் செயலாளர், கலவரத்தில் எங்களை விரட்டும்வரை. புத்தகத்தில் அவர் பெயரே இல்லை. கோப்புகள் வெள்ளத்தோடு போய்விட்டனவாம். பழைய உள்ளூர்ப் பத்திரிகையில் வாசிகசாலைத் திறப்புவிழாப் படம் ஒன்று, முகங்கள் கலங்கல். அசல் கிடைத்தால் ஆதாரமாக வெள்ளிக்கிழமை புத்தகக் குழு முன் வைப்பாளாம்.

இருக்கிறதே! யாழ்ப்பாணத்தில் பெரியம்மா வீட்டில் இருந்ததால் தப்பிய படம். என் ஹோலில் மாலையோடு தொங்குகிறது.

நவம்பர் 4, செவ்வாய்
சட்டத்தைக் கழற்றினேன். மிச்சம் உள்ளே மடிந்திருக்கும் என்று நினைத்தேன்; அப்பா மட்டும். அவர் செத்தபோது பேப்பரில் மரண அறிவித்தல் போட அண்ணை வெட்டிய துண்டு. நம் சனம் உயிரோடிருக்கும்போது தனிப்படம் எடுக்காது. செத்த பிறகு கூட்டத்திலிருந்து கத்தரிக்கும்.

இடது தோளில் யாரோ ஒருவரின் கை. விரலில் மோதிரம், பட்டையாய். இத்தனை வருடமும் மாலை மறைத்திருக்கிறது.

பால், கறிவேப்பிலை. பொயிலர்காரன் போனை எடுக்கவில்லை.

நவம்பர் 5, புதன்
குரோய்டன், அண்ணை வீடு. வெளியே வாணவேடிக்கை. ஒவ்வொரு வெடிக்கும் அண்ணையின் தோள் துள்ளியது.

"மிச்சப் படம் எங்க அண்ணை?"

"எரிச்சுப்போட்டன்."

"பேப்பருக்குத்தானே வெட்டினீங்கள்?"

"அது சாட்டு. அவங்களை அப்பாவுக்குப் பக்கத்தில வைச்சிருக்க ஏலாது. எங்கட வீடு எரியேக்க அந்தப் படத்தில நிண்ட ஒருத்தனும் வரேல்லை."

கோபம் வந்தது. அவர் செய்தது சரி என்றும் பட்டது. தேத்தண்ணீர் ஆறிப்போயிற்று. வாசலில், "ஒண்டும் அனுப்பாதை" என்றார்.

நவம்பர் 6, வியாழன்
அனுப்பிவிட்டேன், அந்தத் துண்டை. அண்ணைக்குச் சொல்லவில்லை. வீடு குளிர். பொயிலர்காரன் நாளை வருவானாம், நம்பினால் நான் மடைச்சி.

நவம்பர் 7, வெள்ளி
நிலூக்கா போன். இங்கிலிஷில்தான் பேசினாள். பத்திரிகைப் படத்தோடு ஒப்பிட்டார்களாம்: அதே நிற்பு, தோளில் அதே கை. குழு ஒத்துக்கொண்டது. அப்பாவுக்கு ஒரு முழுப் பக்கம். நான் அழுதேன்.

பிறகு அவள் குரல் இறங்கியது. "அந்த மோதிரம் எங்கள் வீட்டில் இருக்கிறது. அது என் தாத்தாவின் கை. அன்றைய மேயர். கலவரத்தன்று நீங்கள் குடும்பத்தோடு வந்து கதவைத் தட்டினீர்களாம், அவர் திறக்கவில்லையாம். சாகும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார்."

பச்சைக் கதவு. எனக்கு நினைவிருக்கிறது.

"கையை நீக்கிவிட்டுப் போடவா, அப்படியே போடவா? நீங்கள் சொல்வதுதான்."

அண்ணைக்குப் போன் எடுத்தேன். அனுப்பியதையும் சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன். ஏசவில்லை. டிவியை நிறுத்தினார்.

"கை இருக்கட்டும்" என்றார். "கதவையும் எழுதச் சொல்லு."