ஊக்கு இருக்கா?

ஜூன் 3, 2025 – செவ்வாய்

டாக்டர் அரவிந்தன் ஒருவழியாக வாயைத் திறந்தார். ஸ்கேன் சென்டருக்கு இன்னொரு டெக்னீஷியன் எடுக்கலாமாம். இன்டர்வியூவை நானே வைக்க வேண்டுமாம். "நீங்க சரின்னா சரி, ஜெயபாரதி" என்றார். பெரிய மனசுதான். தை மாதம் என்னோடு இருந்த டெக்னீஷியன் பிரபு வேலையை விட்டுப் போனதிலிருந்து பகலுக்கும் நான், ராத்திரி கூப்பிட்டாலும் நான். எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ., மூன்றுக்கும் ஒருத்தி.

ஆஸ்பத்திரிக்கு ஆள் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எனக்கு வேண்டும். அடுத்த மாதம் செம்மொழிக்கு வளைகாப்பு. தலைப்பிரசவம். வளையல் போட்ட கையோடு மகளைத் தஞ்சாவூருக்கு, நம் வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். நாகப்பட்டினத்தில் சம்பந்தியம்மா இப்போதே கேட்டுவிட்டார்: "நீங்க ராத்திரி டூட்டிக்குப் போயிட்டா மாசமா இருக்கிற புள்ளைய யாருங்க பாத்துக்கிறது?" என் வீட்டுக்காரர் மஸ்கட்டில். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? சம்பந்தியம்மா கேட்டதில் தப்பே இல்லை. அதுதான் எரிச்சல்.

ஜூன் 9 – திங்கள்

மூன்று பேர் வந்தார்கள். ஒருவனோடு அவன் அப்பாவும் உள்ளே வந்து உட்கார்ந்தார். நான் கேட்டதற்கெல்லாம் அவரே பதில் சொன்னார். அவரையே எடுத்துவிடலாமா என்று தோன்றியது. இரண்டாவது பையனிடம் நெஞ்சு எக்ஸ்ரேயைக் கொடுத்தேன். தலைகீழாக மாட்டிவிட்டு "நார்மல்" என்றான். மூன்றாவதாக வந்த பெண் பரவாயில்லை. ஆனால் ராத்திரி வரமாட்டாளாம், ஞாயிறும் வரமாட்டாளாம், அமாவாசைக்கும் வரமாட்டாளாம்.

மூவருக்கும் என் பரீட்சையை வைத்தேன். படித்ததெல்லாம் இருக்கட்டும், இது வேறு. எம்.ஆர்.ஐ. அறைக்கு வெளியே நான் நோயாளியாக நிற்பேன். அவர்கள் என்னை உள்ளே அனுப்பத் தயார் செய்ய வேண்டும். "உடம்புல மெட்டல் ஏதாவது இருக்கா?" என்று கேட்பார்கள். "இல்லப்பா" என்பேன். நம் ஊர்ப் பெண்கள் அப்படித்தான் சொல்வார்கள். பொய் சொல்வதில்லை. தாலிச் சங்கிலியில் கோத்துத் தொங்கும் ஊக்கெல்லாம் இரும்பு என்பதே அவர்களுக்கு நினைவில் இருக்காது. என் சங்கிலியிலும் ஊக்கைப் போட்டு ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டுதான் நிற்கிறேன். உள்ளே இருப்பது அவ்வளவு பெரிய காந்தம். இரும்பு என்று எதைக் கண்டாலும் பிடுங்கிக்கொள்ளும்.

மூவரும் என்னை உள்ளே அனுப்பினார்கள். நல்லவேளை, நான் போகவில்லை.

ஜூன் 10

இன்று யாரும் வரவில்லை.

ஜூன் 17 – செவ்வாய்

அன்பரசன். திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கிராமம். அப்பா அம்மா கூலி வேலைக்குப் போய்ப் படிக்க வைத்திருக்கிறார்கள். கை சுத்தம். முழங்கால் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன், ஒரே தடவையில் எடுத்தான். படத்தில் நான் பார்க்காமல் விட்ட ஒரு கீறலையும் காட்டினான். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். மனதுக்குள் செம்மொழிக்குக் கட்டில்கூடப் போட்டுவிட்டேன்.

அப்புறம் பரீட்சை. "மெட்டல் இருக்கா மேடம்?" இல்லை என்றேன். "நல்லாப் பாத்துச் சொல்லுங்க மேடம்." இல்லப்பா. என் கழுத்துப் பக்கம் ஒரு பார்வை போனது. உடனே தரையைப் பார்த்தான். "சரிங்க மேடம், உள்ள வாங்க."

சங்கிலியை வெளியே எடுத்துக் காட்டினேன். முகம் செத்துவிட்டது.

"தெரியும் மேடம். பொம்பளைங்க கழுத்துல கிடக்கிறத எப்படி மேடம் கேக்கிறது?"

"நீ கேக்கலன்னா காந்தம் கேக்கும் தம்பி."

தகுதியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 18

டாக்டர் கூப்பிட்டு, அவனையே எடுத்துவிடலாமே, ஊக்கெல்லாம் போகப்போகக் கற்றுக்கொள்வான் என்றார். முடியாது என்றேன். உங்களுக்குத்தானே அவசரம் என்றார். ஆமாம், எனக்குத்தான் அவசரம். அதற்காக? கூச்சத்தை வைத்துக்கொண்டு இந்த அறையில் வேலை பார்க்க முடியாது என்று கத்திவிட்டேன். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். அந்தப் பையனை எடுத்திருந்தால் மகள் வீட்டுக்கு வந்திருப்பாள். பிடிவாதம் பிடித்தவளே, உனக்கு நன்றாக வேண்டும்.

ஜூன் 26 – வியாழன்

கிடைத்துவிட்டாள். இர்ஃபானா, முத்துப்பேட்டை. திருச்சியில் படித்து, அங்கேயே ஒரு வருடம் வேலையும் பார்த்திருக்கிறாள்.

"மெட்டல்" என்ற பேச்சே எடுக்கவில்லை. துணி மாற்றும் அறைக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினாள். "அக்கா, கழுத்துல கை வைக்கலாமா?" என்றாள். பிடரியில் விரலை விட்டுச் சங்கிலியை இழுத்து, ஊக்கை ஒவ்வொன்றாகக் கழற்றி என் உள்ளங்கையிலேயே வைத்தாள். "எங்க அம்மா கருகமணியிலயும் இப்படித்தான் கிடக்கும். கேட்டா இல்லம்பாங்க" என்று சிரித்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

டாக்டரிடம் இன்றே ஆர்டர் கொடுத்துவிடுங்கள் என்றேன். பார்ப்போம் என்றார்.

ஜூலை 6 – ஞாயிறு

வளைகாப்பு நாகப்பட்டினத்தில் நன்றாக நடந்தது. இரண்டு கையிலும் வளையல் நிறைய செம்மொழி என் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எப்பம்மா கூட்டிட்டுப் போவே, எப்பம்மா என்று காதுக்குள் ஒரே கேள்வி. ஆள் கிடைத்துவிட்டது, வேலையில் சேர்ந்ததும் வண்டியோடு வருகிறேன் என்று சம்பந்தியம்மாவிடம் சொன்னேன். "ஆடிக்குள்ள வந்துருங்க. ஆடி பொறந்தா எட்டாம் மாசம். எட்டாம் மாசத்துல நாங்க கிளப்ப மாட்டோம்" என்றார். ஆடிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. போதும்.

ஜூலை 7

டாக்டர்: பார்ப்போம்.

ஜூலை 11 – வெள்ளி

இர்ஃபானா போன் செய்தாள். திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரியில் கூப்பிட்டுவிட்டார்களாம். "உங்ககிட்ட வேலை பாக்கணும்னுதான்க்கா இருந்தேன். உங்க டாக்டர் பதிலே சொல்லலியே." அவளை என்ன சொல்ல முடியும்? நன்றாக இரு என்றேன்.

டாக்டர் அறைக்குப் போனேன். அப்படியா, அந்தப் பெண் போய்விட்டதா, இன்றுதான் கையெழுத்துப் போடலாம் என்று இருந்தேன் என்றார். ஐயோ, இந்த மனுஷனை என்ன செய்வது! பேனாவை எடுத்துக் கண்ணெதிரிலேயே சன்னலுக்கு வெளியே எறிய வேண்டும் போலிருந்தது. எறியவில்லை. சி.டி.க்கு ஆள் காத்திருந்தது.

ஜூலை 13

சம்பந்தியம்மாவிடம் சொல்லிவிட்டேன். "அப்ப ஒம்பதாம் மாசம் பாத்துக்கலாங்க" என்றார். செம்மொழி போனில் பேசவில்லை. தூங்குகிறாளாம். சாயங்காலம் ஆறு மணிக்கு.

ஆகஸ்ட் 7

இந்த ஒரு மாதமாக வந்தவர்கள் யாரும் தேறவில்லை. எல்லோரையும் கழித்துக் கழித்து இப்போது விண்ணப்பமே வருவதில்லை. தஞ்சாவூரில் என் பேர் கெட்டுவிட்டது போலிருக்கிறது. அந்தம்மா ஊக்கைக் காட்டிப் பெயிலாக்கிவிடும் என்று பையன்கள் பேசிக்கொள்கிறார்களாம்.

காலில் நீர் கோத்திருக்கிறது. செம்மொழிக்கு இல்லை, எனக்கு.

ஆகஸ்ட் 26 – செவ்வாய்

எழுதவே கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

ராத்திரி முழுக்க விபத்து கேஸ். வீட்டுக்குப் போகவில்லை. காலையில் முதல் ஆள் ரெங்கம்மாள் என்று ஒரு அம்மா, நாற்று நடுகிற வேலை, இடுப்பு வலி. உடை மாற்றச் சொல்லி ஆஸ்பத்திரி அங்கியைக் கொடுத்தேன். கூச்சத்தில் ரவிக்கைக்கு மேலேயே அங்கியைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். வழக்கமாகக் கழுத்தில் விரலை விட்டுச் சங்கிலியை இழுத்துப் பார்ப்பேன். அப்போதுதான் ரவிக்கையும் தட்டுப்படும். இந்த அம்மாவின் கழுத்து வெறுமையாக இருந்தது. நெற்றியும். கயிறு கிடந்த இடத்தில் வெளுத்த தடம்கூட இன்னும் மறையவில்லை. வீட்டுக்காரர் போய்க் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்க வேண்டும். அந்தக் கழுத்தில் போய் என்னத்தைத் தேடுவது, எப்படிக் கேட்பது என்று கை பின்னால் வந்துவிட்டது. தாலியே இல்லை, ஊக்கு எங்கே இருக்கப்போகிறது என்று... மேசையில் படுக்க வைத்தேன்.

ரவிக்கையில் கொக்கி போன இடத்தில் ஊக்கு குத்தியிருந்தது. துருப்பிடித்த பழைய ஊக்கு. மேசை உள்ளே நகர்ந்ததுமே பிய்த்துக்கொண்டு முகத்துக்கு நேராகப் போய்விட்டது. கண்ணுக்குக் கீழே கிழித்திருக்கிறது. தையல் போட்டிருக்கிறார்கள். ஒரு விரல் மேலே போயிருந்தால் கண்.

அவர் மகன் கத்தினான். கத்தட்டும், கத்த வேண்டியதுதான்.

எத்தனை பேரைப் பெயிலாக்கினேன்? கேட்கக் கூச்சப்பட்டான் என்றுதானே அந்தப் பையனை விரட்டினேன்? நான் என்ன பண்ணினேன்? நானும் தரையைத்தானே பார்த்தேன்.

ஆகஸ்ட் 28

ரெங்கம்மாளை வார்டில் போய்ப் பார்த்தேன். மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனான். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். கட்டுப் போடாத கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேனேம்மா. ஏன் கேக்கல?"

கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கையில் இன்னும் வயல் சேற்றின் கறை இருந்தது.

செப்டம்பர் 3 – புதன்

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார் டாக்டர். கோபமாகச் சொல்லவில்லை. குடும்பத்தார் போலீசுக்குப் போகாமல் இருக்க வேறு வழி இல்லையாம். நான் வாதாடவில்லை. யார் இடத்தில் என்று கேட்டேன். அன்பரசனைக் கூப்பிட்டிருக்கிறாராம். கூப்பிட்ட அன்றைக்கே கையெழுத்தும் போட்டுவிட்டாராம். இதற்கு மட்டும் "பார்ப்போம்" இல்லை.

செப்டம்பர் 8

சம்பந்தியம்மாவுக்குப் போன். இப்போது லீவில் வீட்டில்தான் இருக்கிறேன், இரவும் பகலும் இருக்கிறேன், ஒன்பதாம் மாதம் பிறந்துவிட்டதே, கூட்டி வருகிறேன் என்றேன். செம்மொழிக்குப் பிரஷர் ஏறியிருக்கிறதாம். பயணம் கூடாது என்று அங்கே டாக்டரம்மா சொல்லிவிட்டாராம். "இனிமே இங்கயே பாத்துக்கிறோங்க. நீங்க டூட்டிய பாருங்க."

வேலை போனதை அவரிடம் சொல்லவில்லை. மகளிடமும் சொல்லவில்லை. பிரஷர் ஏறியவளிடம் இதை எப்படிச் சொல்வது?

செம்மொழிக்காக இறக்கி மாட்டி வைத்திருந்த கட்டிலைப் பிரித்து மறுபடியும் பரணில் போட்டேன்.

செப்டம்பர் 24

மன்னார்குடியில் ஒரு ஸ்கேன் சென்டரில் கேட்டேன். பேரைச் சொன்னதுமே விஷயம் தெரிந்திருந்தது. சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

அக்டோபர் 5 – ஞாயிறு

பெண் குழந்தை. நேற்று மதியம். எல்லாம் முடிந்த பிறகுதான் போன் வந்தது. எனக்குத் தொந்தரவு கொடுக்க வேண்டாம் என்று நினைத்தார்களாம்.

அக்டோபர் 13 – திங்கள்

நாகப்பட்டினத்தில் இருக்கிறேன். லீவு போட்டு வந்திருப்பதாகச் சொல்லியிருக்கிறேன். விருந்தாளி மாதிரி எனக்கு டம்ளரில் காபி கொண்டுவந்து வைக்கிறார் சம்பந்தியம்மா. பேத்தியைக் குளிப்பாட்ட வரும் அம்மாள்கூட என்னைவிட உரிமையோடு வீட்டுக்குள் நடமாடுகிறாள். இப்போதாவது தாயையும் பிள்ளையையும் தஞ்சாவூருக்குக் கூட்டிப் போகட்டுமா என்று கேட்டுப் பார்த்தேன். "எல்லாம்தான் நல்லபடியா முடிஞ்சிடுச்சே, இனிமே எதுக்குங்க அலைச்சல்?" என்றார். நல்ல மனுஷிதான். நல்ல மனதோடுதான் சொன்னார்.

பதினோரு மணிக்குப் போன். அன்பரசன். கொல்லைப் பக்கம் போய் எடுத்தேன். ரொம்ப நேரம் மென்று விழுங்கிவிட்டுத்தான் கேட்டான்.

"மேடம், எம்.ஆர்.ஐ.க்கு ஒரு அம்மா வந்திருக்காங்க. வீட்டுக்காரர் இல்லாதவங்க. கூட மகன் வேற நிக்கிறாரு. எப்படி மேடம் கேக்கிறது?"

இதைக் கேட்க அவனுக்கு வேறு ஆளே இல்லையா என்று ஒரு கணம் ஆத்திரம் வந்தது. அப்புறம், யார்தான் இருக்கிறார்கள் என்று தோன்றியது.

"மகனை வெளிய நிக்கச் சொல்லுங்க. நர்ஸ் ஒருத்தரைக் கூப்பிட்டுக்குங்க. தாலி, கழுத்துன்னெல்லாம் பேச வேண்டாம். துணியில எங்கயாவது ஊக்கு குத்தியிருக்கீங்களாம்மான்னு கேளுங்க. இல்லம்பாங்க. ரவிக்கைய மாத்தச் சொல்லி நர்ஸைப் பாக்கச் சொல்லுங்க. அவங்க கோவிச்சுக்கிட்டாலும் கேளுங்க தம்பி. கேட்டா சொல்லிடுவாங்க."

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கூப்பிட்டான். "ரெண்டு இருந்துச்சு மேடம்" என்றான். அவ்வளவுதான். வைத்துவிட்டேன். முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தேன்.

செம்மொழி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். போனைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கிவிட்டது.

"ஆஸ்பத்திரியிலேருந்தா? உடனே வரச் சொல்லிட்டாங்களா?"

"இல்லடி. சும்மா ஒரு சந்தேகம் கேட்டாங்க. நான் இப்போதைக்கு வர வேண்டியதில்ல."

"இப்பவாவது லீவு குடுத்தாங்களே" என்று சொல்லிவிட்டு, பிள்ளையை என் மடியில் போட்டாள்.