குவைத் வெயில்

அன்புள்ள உங்களுக்கு,

குவைத்தில் எந்த மாதம் வெயில் கூடும், கடைகளை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்றெல்லாம் நான் ஏன் துருவித் துருவிக் கேட்டேன் என்பதை இன்று சொல்லிவிடுகிறேன். எனக்காகக் கேட்கவில்லை. என் ஆய்வுக்காகச் சிறையில் சந்திக்கும் பெண்களில் ஒருத்திக்காகக் கேட்டேன். பெயரை உங்களிடமும் சொல்லமாட்டேன், வாக்குக் கொடுத்திருக்கிறேன். தான் குவைத்தில் வேலை செய்வதாக மகளை அவள் நம்பவைத்திருந்தாள். சிறைத் தொலைபேசியில் பேசும்போது சொல்வதற்கு ஏதாவது வேண்டியிருந்தது. கேட்பது மட்டுமே என் வேலை என்று தெரிந்தும், நீங்கள் அங்கிருந்து எழுதியதையெல்லாம் சொல்லிக்கொடுத்தேன்.

போன கிழமை, "பிள்ளைய ஒருக்காப் பாத்துட்டு வாங்க மிஸ்" என்று அழுதாள். படகில் வாவியைக் கடந்து, பிள்ளை இருக்கும் மண்டூருக்குப் போனேன். வீட்டு வாசல் படலையைத் திறந்த பிறகுதான் சிறை அனுமதி அட்டை என் கழுத்தில் தொங்குவதைக் கண்டேன். பிள்ளையும் கண்டுவிட்டாள். அவசரமாக அதைக் கையால் மறைத்தேன்.

"அதைக் கழட்டுங்க மிஸ், பக்கத்து வீட்டு மாமி பாத்திருவா" என்றாள். பதினைந்து வயதுதான். "எனக்கு எப்பவோ தெரியும். குவைத்தில இருந்து நம்மட ஊர் 065 நம்பர்லயா கோல் வரும்? அம்மா ஆசையாச் சொல்லுவா, நானும் கேட்டுட்டு இருப்பன்."

பிள்ளையின் சம்மதத்தோடு நேற்றுத் தாயிடம் சொன்னேன். அழுதாள், பிறகு சிரித்தாள். "அப்ப இனி அந்த வெயில் தேவையில்ல மிஸ்."

எனக்கும் நெஞ்சுப் பாரம் இறங்கிவிட்டது. நீங்கள் எப்போதும் "நல்ல சுகம்" என்றுதான் எழுதுகிறீர்கள். அங்கே உண்மையில் எப்படி இருக்கிறது? இந்தமுறை எனக்காகக் கேட்கிறேன்.

உங்கள் அன்பு மனைவி