நீ அரைத்ததை நான் சொல்லிவிட்டேன், ரோசி

என் ரோசிக்கு,

எங்கே இருந்தாலும் நோவில்லாமல் இரு. நான் சொல்லச் சொல்ல மாடிவீட்டு ரூபன் சார் இதை எழுதுகிறார். எனக்கு எழுத்து தெரியாது. முப்பத்தெட்டு வருஷம் கரண்ட் பில்லிலிருந்து வேதபுத்தகம் வரை நீதான் வாசித்துக் காட்டினாய். இப்போதும் ஏதாவது காகிதம் வந்தால் முதலில் உன் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைக்கிறேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் ரூபன் சாரைத் தேடி மாடி ஏறுகிறேன்.

இது நம் சபைத் தாளில் வரப்போகிறது. உன்னைப் பற்றிப் பாதி கேட்டவர்கள் மீதியைத் தாங்களே சேர்த்துப் பேசுகிறார்கள். அதனால் முழுவதையும் நானே சொல்லிவிடுகிறேன். உன்னைக் கேட்டுக்கொண்டு செய்திருக்க வேண்டிய காரியம். யாரைக் கேட்பேன்?

நீ வேலை பார்த்த லேபில் டீசல் புகைக்கரியை எரிக்க ஒரு பொடி செய்துகொண்டிருந்தார்கள். ஏதோ அரிய மண்ணிலிருந்து எடுப்பது, வெளிர் மஞ்சளாக இருக்கும் என்பாய். நானோ இந்தப் புனேயில் ஹிஞ்சேவாடிக்குக் கம்பெனி பஸ் ஓட்டியவன். புதிய பஸ்ஸில் புகைக்குழாய்க்குள் கரியைப் பிடிக்க ஒரு வடிகட்டி வைத்திருந்தார்கள். டிராஃபிக்கில் நகர்ந்து நகர்ந்து போனால் குழாய் போதுமான அளவு சூடாகாது, கரி எரியாது, வடிகட்டி அடைத்துக்கொண்டு முன்னால் விளக்கு எரியும். ஹைவேயில் கொஞ்ச தூரம் விரட்டினால்தான் அணையும். வீட்டுக்கு வந்து உன்னிடம்தான் அதைத் திட்டுவேன்.

“அதுக்குத்தாங்க எங்க பொடி. கொறஞ்ச சூட்டுலயே கரிய எரிச்சிரும்.”

“எப்படி எரிக்கும்? தீப்பெட்டியா வச்சிருக்கு?”

“தங்கிட்ட இருக்க ஆக்சிஜனக் கரிக்குக் குடுத்துரும். பெறவு காத்துல இருந்து எடுத்து நெரப்பிக்கிடும். ஒங்களுக்கு இதெல்லாம் எதுக்கு, கைகழுவிட்டு சாப்பிட வாங்க.”

சிரித்துக்கொண்டே அப்படிச் சொல்வாய். அந்தச் சிரிப்பு ஒருநாள் இல்லாமல் போனது. லேபில் பேடா கொடுத்தார்கள் என்று டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாய். நீ ஒன்றும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் பீன்ஸ் நறுக்கும்போதுதான் வாயைத் திறந்தாய்.

“ஏங்க, நா ஒரு தப்புப் பண்ணிட்டேன். கிளறச் சொன்னத அரைச்சிட்டேன்.”

கரியையும் பொடியையும் சின்னக் கரண்டியால் மெல்லக் கிளறிக் கலக்க வேண்டும் என்று லேபை நடத்தும் மேடம் சொல்லியிருக்கிறார். வண்டிக்குள் கரி பொடியின் மேல் லேசாக வந்து உட்காரும், அவ்வளவுதான். சோதனையும் அப்படியே இருக்க வேண்டும். நீயோ வேறு வேலைகளில் வருஷக்கணக்காக அரைத்த பழக்கத்தில், ரெண்டையும் கல்வத்தில் போட்டு அழுத்தி அரைத்துவிட்டாய். அழுத்தி அரைத்தால் கரி பொடியோடு ஒட்டிக்கொள்ளும், சட்டென்று எரியும். அந்த முடிவைப் பார்த்துத்தான் பேடா.

“சரி, அடுத்தவாட்டி கிளறு,” என்றேன்.

“கிளறினா இந்த ரிசல்ட்டு வராது. மேடம் ஊருக்கெல்லாம் சொல்லிட்டாங்க.”

“அப்போ மேடத்துக்கிட்ட உள்ளதச் சொல்லு.”

“சொல்லணும்,” என்றாய். சொல்லவில்லை. அடுத்த தடவையும் அரைத்தாய், அதற்கடுத்த தடவையும். பிறகு நோய் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில், “எந்திரிச்சதும் நேராப் போயி சொல்லிருவேங்க,” என்றாய். நீ எழுந்திருக்கவில்லை. ‘நீங்க சொல்லுங்க’ என்றும் சொல்லவில்லை, ‘சொல்லாதீங்க’ என்றும் சொல்லவில்லை. இதில் நான் எதை எடுத்துக்கொள்வது, ரோசி?

உன் ஸ்வெட்டரையும் கண்ணாடிக் கூட்டையும் கொடுக்க லேபிலிருந்து ஸ்னேகல் வந்தாள். உன் மேசையில் இப்போது வேலை பார்க்கும் ஆராய்ச்சி மாணவி. ஸ்வெட்டரை வாங்கினேன், உன் தைல வாசம் அதிலேயே இருந்தது. அவள் ஹிந்தியில் பேசிக்கொண்டிருந்தாள்.

“அங்கிள், ஆன்ட்டி கைல என்ன மாயம் இருந்துச்சு? அதே பொடி, அதே கரி. அவங்க கலந்தா எரியுது, நான் கலந்தா எரியவே மாட்டேங்குது. நான் கவனமில்லாம செய்றேன்னு மேடம் நினைக்கிறாங்க. ஒரு வருஷம் போச்சு. அடுத்த மாசம் வேற வேலைக்கு மாத்திடுவாங்க.”

சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. “இன்னும் கொஞ்சம் சாய் ஊத்தட்டுமாம்மா?” என்று கேட்டேன்.

உன் அடக்க ஆராதனையில் பாஸ்டர் உன்னை உண்மையுள்ளவள் என்று சொன்னாரே, அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் உன் தப்புக்கு அந்தப் பெண் திட்டு வாங்குகிறாள். ஒரு வாரம் உன் படத்தோடு சண்டை போட்டேன். நீ வழக்கம்போலப் பதில் சொல்லாமல் ஜெயித்தாய். எட்டாம் நாள் உன் லேபுக்கு பஸ் ஏறினேன்.

மேடத்திடம் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். பக்கத்திலிருந்த பலகைத் தடுப்பைத் தட்டிக் காட்டினார்.

“என் ரூமுக்கும் ரோசி மேசைக்கும் நடுவுல இந்தப் பலகை ஒண்ணுதான்,” என்றார். “கல்வத்துச் சத்தம் எனக்குக் கேட்டுது. கிளறினா சத்தம் வராது, அது எனக்குத் தெரியாதா? ரிசல்ட் நல்லா இருந்துச்சு. நான் எழுந்து வந்து பார்க்கல.”

நீ பயந்து பயந்து மறைத்ததை அவரும் பலகைக்கு அந்தப் பக்கம் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறார். இதைத்தான் உன்னிடம் ஓடிவந்து சொல்லத் தோன்றியது. எந்த வீட்டுக்கு ஓடுவது?

அந்த முடிவு வெளிவந்த ஆராய்ச்சிப் பத்திரிகைக்குத் திருத்தம் எழுதி அனுப்பிவிட்டார்கள். ‘ரோசி ஏமாத்திட்டா’ என்று லேபில் யாரோ சொல்ல, அது நம் சபைப் படிக்கட்டு வரைக்கும் வந்துவிட்டது. அது என்னால் வந்த பேச்சு. அதற்காக என்னை நீ எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

ஸ்னேகலை வேறு வேலைக்கு மாற்றவில்லை. இப்போது பொடியை மெல்லிய நூல் மாதிரி செய்து பார்க்கிறார்களாம். அரைக்காமலே அதன் நுனிகள் கரியைப் போய்த் தொடும் என்கிறாள். இன்னும் பாதி தூரம்தான் வந்திருக்கிறதாம். நேற்று விஷ்ராந்த்வாடி சிக்னலில் ஒரு டெம்போ கறுப்பாகப் புகை தள்ளிக்கொண்டு போனது. “பாத்தியா ரோசி” என்று பக்கத்தில் திரும்பிவிட்டேன். நின்றிருந்த பெண் தன்னைக் கூப்பிடுகிறேன் என்று நினைத்தாள்.

ஒரு வாக்கு தருகிறேன். யாராவது கேட்டால், நீ எழுந்திருந்தால் நிச்சயம் சொல்லியிருப்பாய் என்று சொல்ல மாட்டேன். அது எனக்குத் தெரியாது. ‘சொல்லணும்’ என்று ஒரு தடவை, ‘சொல்லிருவேங்க’ என்று ஒரு தடவை நீ சொன்னதை என் காதால் கேட்டேன். அதை மட்டும் சொல்வேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். மிச்சத்தை நேரில் வரும்போது உன்னிடமே கேட்டுக்கொள்கிறேன்.

உன் வீட்டுக்காரன்,
அந்தோணி
விஷ்ராந்த்வாடி, புனே